மச்சறையில் ஹிந்திப் பாடம்

ஐம்பத்தெட்டு வயதில், கட்டிய மனைவிக்குத் தெரியாமல் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வது என்று கிங்ஸ்லி தீர்மானித்தார். இந்த வயதில் இப்படித் தீர்மானிக்கிற ஆண்கள் போடியில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் சமாச்சாரம் வேறு. கிங்ஸ்லி கொண்டுவர நினைத்தது ஒரு பியானோ. அதுவும் கரண்டில் ஓடுகிற பியானோ. பலகை மாதிரி நீளமாக இருக்கும். ஜீப்பின் பின்பக்கம் சமத்தாகப் படுத்துக்கொள்ளும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வாசிக்கிறவருக்கு மட்டும்தான் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குக்கூடக் கேட்காது என்று மதுரைக் கடைக்காரர் தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் கிங்ஸ்லி அதை வாங்கினார்.

ஏலக்காய் வாங்கி விற்கிற மனிதருக்குப் பியானோ எதற்கு என்று கேட்கலாம். அவர் வீட்டு முன்னறையில் ஒருகாலத்தில் நிஜப் பியானோவே நின்றது. ஹாஸ்டலில் தங்கிப் படித்த வயதில் அங்கிருந்த ஒரு ஃபாதர் கற்றுக்கொடுத்த வித்தை. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களா கைமாறியபோது, கட்டில் மேசையோடு ஒதுங்கிக் கிடந்த பியானோவை ஏலக்காய் மூட்டையை விடப் பத்திரமாக வளைவு வளைவாக இறக்கிக் கொண்டுவந்தார். வித்வான் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டில் அவருக்கு ரசிகை ஒருத்தி இருந்தாள். மகள் எப்சி. அவளுக்குச் சோறு இறங்க வேண்டுமானாலும் பாட்டு, தூங்க வேண்டுமானாலும் பாட்டு. அதற்காக அவரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்.

"ஏறு ஏறு ஜீப்பே ஏறு, எறங்கி வந்தா கஞ்சிச் சோறு. மேட்டுல நின்னு மூச்ச வாங்கு, மேகம் வந்தா கொஞ்சம் தூங்கு."

இலக்கியத் தரம் பற்றி யாரும் பேச வேண்டாம். அப்பா வாசிக்க, மகள் பாட, அம்மா கிருபாராணி கீழ்க்குரலில் சேர்ந்துகொள்வாள். கிருபாராணி சர்ச் பாடகர் குழுவில் இருந்தவள். எப்சி காலேஜ் போன பிறகும் விடுமுறைக்கு வந்தால் மூன்று பேரும் வெட்கமில்லாமல் அதே ஜீப்பை ஏற்றுவார்கள்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன எப்சி திரும்பி வரவில்லை. ஆறு வருடம் ஆகிறது. அடக்கம் முடிந்த சில நாளில் கிருபாராணி முன்னறையில் தூசி தட்டும்போது துணி பட்டுப் பியானோவின் ஒரு கட்டை மட்டும் சத்தம் கொடுத்தது. அவள் துணியை அங்கேயே போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிங்ஸ்லி அதைப் பார்த்தார். மறுவாரம் ஜீப் வந்தது. பியானோ மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஏன் அனுப்பினீர்கள் என்று அவள் கேட்கவில்லை, உனக்காகத்தான் என்று அவரும் சொல்லவில்லை. அன்றோடு கிருபாராணி பாடுவதும் நின்றது. சர்ச்சில் எல்லோரும் பாடும்போது அவள் உதடு மட்டும் அசையும்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் கிங்ஸ்லியின் விரல்கள் சொல்பேச்சுக் கேட்கவில்லை. மேசையில் காய் தரம் பிரிக்கும்போது அவை பாட்டுக்கு ஓடும். ஜீப் டிரைவர் அருள்பாண்டி ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னண்ணே, காயப் பொறுக்குறீங்களா, மேசைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறீங்களா?"

கிங்ஸ்லிக்கு அழுகை வந்துவிட்டது. அருள்பாண்டி பயந்துபோனான். விஷயத்தைக் கேட்டதும் மதுரைக்குப் போய்வர வாடகையே வேண்டாம் என்றான்.

சர்ச் பெண்கள் கூட்டத்துக்குக் கிருபாராணி போயிருந்த ஒரு மத்தியானம் இரண்டு பேரும் பியானோவைத் தார்ப்பாயில் சுற்றி வீட்டுக்குள் தூக்கி வந்தார்கள். மச்சறையில் வைப்பது என்று திட்டம். அது பலகை பாவிய பழைய மச்சு. ஏலக்காய் சாம்பிள் மூட்டைகள் கிடக்கும் இடம். முட்டிவலி வந்ததிலிருந்து கிருபாராணி படியேறுவதில்லை. திட்டத்தில் ஓட்டையே கிடையாது. கூட்டம் சீக்கிரமே முடிந்து அவள் வாசலில் வந்து நின்றதைத் தவிர.

"என்னது இது?"

 அருள்பாண்டிதான் கைகொடுத்தான்.

"சல்லடைக்கா. காய் பிரிக்கிற சல்லடை."

"இம்புட்டு நீளத்துக்கா?"

"புது மாடலுக்கா."

"ஒயரு தொங்குது?"

"கரண்டுச் சல்லடை. நம்ம ஆட்ட வேணாம், அதுவே ஆடும்."

"சரி, பாத்து வெரசா ஏத்துங்க. செவுத்துல இடிச்சிராதீக," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அருள்பாண்டி அன்றைக்கு வழக்கமாகக் கேட்டு வாங்கும் வடையைக்கூடக் கேட்காமல் ஓடிப்போனான்.

மறுநாள் கிங்ஸ்லி மச்சறைக் கதவைத் தாழ்போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விரல்கள் கட்டைமேல் நின்றன. எங்கே போவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. மேசைமேல் அந்த ஆட்டம் ஆடிய விரல்கள், பியானோவைக் கண்டதும் புது மருமகள் மாதிரிக் கூசிக்கொண்டு நின்றன. தட்டுத் தடுமாறி ஜீப்பை ஏற்றினார். முதல் வரி வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவது வரியில் மேட்டில் ஏறும் இடத்தில் விரல் சறுக்கியது. அந்த இடத்தில் அவர் எப்போதுமே சறுக்குவார், எப்சி எப்போதுமே சிரிப்பாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் கட்டைகள்மேல் கவிழ்ந்து அழுதார். அழுது முடித்ததும் மனசு லேசாக இருந்தது. ஆறு வருடத்தில் இல்லாத லேசு. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

தினமும் மத்தியானம் இது தொடர்ந்தது. அப்புறம் பொய்க்குப் பொய் முட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

"சல்லடைக்கு எதுக்குங்க காதுல மாட்டுற மெஷினு?" என்று ஒருநாள் கிருபாராணி கேட்டாள். இறங்கி வரும்போது ஹெட்போன் அவர் கழுத்தில் தொங்கியதைக் கிங்ஸ்லி கவனிக்கவில்லை.

"அது... ஹிந்தி படிக்கிறேன்."

"ஹிந்தியா?"

"போன்ல சொல்லித் தர்றாக. வடக்க இருந்து வாங்குற ஆளுக ஹிந்தியிலதான பேசுறாக. தெரிஞ்சா யாவாரத்துக்கு நல்லதுல்ல."

"நல்லதுதான். நெதம் விடாம படிங்க," என்றாள்.

அவள் இப்படி உற்சாகப்படுத்தியதில் கிங்ஸ்லிக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கியது. பச்சைப் பிள்ளை மாதிரி நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று வருந்தினார். ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் உள்ளே நின்ற அந்த நாள் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. பியானோ இல்லாமல் தன்னால் இருக்க முடியாது, பியானோவோடு அவளால் இருக்க முடியாது. ஆகவே ஹெட்போனே துணை என்று இருந்தார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னாள்: "மச்சுல எலி ஓடுதுங்க."

கிங்ஸ்லி சாப்பிடுவதை விட்டு நிமிர்ந்தார். "எலியா?"

"அடுப்படிக்கு நேர் மேல. தடதடன்னு."

"ஆமா, நானும் பாத்தேன். பெரிய எலி." மச்சுப் பேச்சு எலியோடு நின்றதில் அவருக்கு உயிர் வந்தது. என்ன சத்தமாக இருக்கும் என்று யோசிக்கக்கூட இல்லை. அன்று சாயங்காலமே பொறி வாங்கிவந்து கருவாடு கட்டி வைத்தார். பொறியில் எதுவும் விழவில்லை. கருவாடும் அப்படியே இருந்தது. கிருபாராணியோ நாள் தவறாமல் எலி நிலவரம் சொல்லிவந்தாள்.

"நேத்து எலி நடுவுல நடுவுல நின்னு நின்னு ஓடுச்சு. ஒடம்புக்கு முடியலையோ என்னமோ."

"இருக்கும்."

"இன்னைக்கித் தேவல. ஒரே சீரா ஓடுச்சு."

எலிமேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று கிங்ஸ்லி ஆச்சரியப்பட்டார். பெண்பிள்ளை மனசு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டார்.

ஹிந்திக்கும் சோதனை வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. கங்காணி சோலை பார்த்துக்கொள்கிறான். வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கியிருக்கின்றன. ஒருநாள் காலையில் கிருபாராணி போனை நீட்டினாள்.

"சோலை பேசுனான். வடக்கத்தி ஆளுக என்னமோ கேக்குறாகளாம், அவனுக்குப் புரியலையாம். நீங்க போயி நாலு வார்த்த ஹிந்தியில பேசிட்டு வாங்க."

"இன்னைக்கி எனக்குச் சோலி கெடக்கே."

"பாவம், பாஷை தெரியாத ஊருல பிள்ள குட்டியோட தவிக்கிறாக. போய்ட்டு வாங்க."

அருள்பாண்டியின் ஜீப் மேட்டில் ஏற ஏறக் கிங்ஸ்லி தனக்குத் தெரிந்த ஹிந்தி வார்த்தைகளை விரல்விட்டு எண்ணினார். வளைவுகளை எண்ணுவதாக அருள்பாண்டியிடம் சொன்னார். லயத்து வாசலில் பெண்களும் ஆண்களுமாகக் கூடி நின்றார்கள். சோலை முன்னால் வந்து கும்பிட்டான்.

"அக்கா போன் பண்ணுச்சு மொதலாளி. நீங்க ஹிந்தி படிக்கிறீங்களாம், பேசிப் பழக ஆளு வேணுமாம்ல."

இதில் கிங்ஸ்லிக்கு மூளையில் ஒரு பல்பாவது எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. தன் படிப்பில் அவளுக்கு எவ்வளவு கரிசனம் என்று கண்கலங்கினார். பிறகு முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். வியாபாரிகள் போனில் பேசிக் காதில் விழுந்த வார்த்தைகள்தான் அவருடைய மொத்தக் கையிருப்பு.

"நமஸ்தே. பாவ் கித்னா? சவுதா பக்கா."

வணக்கம், விலை எவ்வளவு, பேரம் முடிந்தது. சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து நின்றார். அந்தப் பெண் இடுப்புக் குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டு அவரைக் கவலையோடு பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

"சாரே, சுகமில்லியா? எனக்குத் தமிழு நல்லா அறியும். நாலு வருஷமா இவிடத்தான் இருக்கேன். கூரை ஒழுகுது, ஒரு தகரம் மாத்தித் தரச் சொல்லுங்க. சோலையண்ணன்கிட்ட எத்தன தடவ பறஞ்சாச்சு."

சோலை மரத்தின் உச்சியைப் பார்த்தான். அருள்பாண்டி ஜீப்புக்குப் பின்னால் போய் இருமினான். தகரத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கிங்ஸ்லி வீடு திரும்பினார்.

"என்ன, ஹிந்தி கைகொடுத்துச்சா?" என்றாள் கிருபாராணி.

"ரொம்பச் சரளமாப் பேசுறேனாம்."

"அதான பாத்தேன்," என்று சொல்லிச் சோற்றைப் போட்டாள்.

இரண்டு மூன்று மாதம் இப்படியே ஓடியது. அவர் விரல்களுக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது. அன்று மத்தியானமும் வழக்கம்போல ஜீப்பை ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரி முடியும்போது திடுதிப்பென்று எல்லாம் அடங்கியது. கரண்டுக்காரர்கள் மாதாமாதம் கம்பி பழுதுபார்க்கும் நாள். ஊருக்கே தெரியும், கிங்ஸ்லிக்குத்தான் ஞாபகமில்லை. சலிப்போடு ஹெட்போனைக் கழற்றினார்.

பாட்டு நிற்கவில்லை.

"மேட்டுல நின்னு மூச்ச வாங்கு..."

கீழே, அடுப்படியிலிருந்து, பலகை இடுக்கு வழியாக வந்தது அந்தக் குரல். கீழ்க்குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. அந்த வரியின் பாதியில் அதுவும் நின்றது. மேலேயிருந்து எதற்கோ காத்திருப்பது போல நின்றது.

கிங்ஸ்லி என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செத்துக்கிடந்த கட்டைகளில் விரலை வைத்து விட்ட இடத்திலிருந்து தட்டினார். சுரம் எதுவும் எழவில்லை. தட், தட், தடதட் என்று மரத்தில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாள் ஹெட்போனுக்குள் இருந்ததால் அவர் காதில் ஒருநாளும் விழாத சத்தம். கீழே பாட்டு மறுபடி தொடங்கியது. அந்த வெறும் தட்டலைப் பிடித்துக்கொண்டு கிருபாராணி பாடினாள். மேல்குரலில் எப்சி பாட வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. அதை இரண்டு பேரும் தாண்டித் தாண்டிப் போனார்கள். "மேகம் வந்தா கொஞ்சம் தூங்கு" என்று முடிந்தபோது அவருக்குக் கண்ணே தெரியவில்லை.

இறங்கிப் போனார். கிருபாராணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஹிந்தி முடிஞ்சுதா?"

அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "எப்ப இருந்து தெரியும்?"

"கொண்டாந்த அன்னைக்கே. அருள்பாண்டி தோள்ல பெடலு தொங்குச்சு. எந்த ஊருல சல்லடையக் கால்ல மிதிக்கிறாக?"

"எலி?"

"எந்த எலி ஜீப்புப் பாட்டுக்கு ஓடும்?"

"ஏன் கிருபா சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்க."

 கிங்ஸ்லி மெதுவாகச் சொன்னார்: "ஒன்னால கேக்க முடியாதுன்னு நெனச்சேன். அன்னைக்கி ஒரு கட்ட சத்தம் கேட்டதுக்கே துணியப் போட்டுட்டு ஓடுனியே."

"அழுகுறதுக்கு ஓடுனேன். அழுது தீத்துட்டு, ஒருநா ஒங்கள வாசிக்கச் சொல்லிக் கேப்போம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஜீப்ப வரவச்சு மலைக்கு ஏத்திட்டீங்க. ஒங்களால அதப் பாக்க முடியல போலன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

 ஒருவர் மனசு புண்படக் கூடாது என்று ஒருவர் வாயை மூடிக்கொண்டதில் ஆறு வருடம் போயிருந்தது. அத்தனை நாளும் அந்தப் பிள்ளையின் பாட்டை இந்த வீட்டில் யாரும் பாடவே இல்லை. அதை நினைத்தபோது, அவள் செத்ததை விடவும் இது பெரிய பாவமாக அவருக்குத் தோன்றியது. கிருபாராணியின் கையைப் பிடித்துக்கொண்டார். கீரைக்காம்போடு அந்தக் கை அவர் கைக்குள் இருந்தது.

"நாளைக்கே கீழ எறக்கிருவோம். முன்னறையில வைப்போம். ஹெட்போனத் தூக்கி எறிஞ்சிருவோம். நான் வாசிக்க, நீ பாட..."

"வேணாம்," என்றாள்.

"ஏன்?"

"எதுத்தாப்புல ஒங்க மொகத்தப் பாத்தா எனக்கு அழுகதான் வரும், பாட்டு வராது. நீங்க கேக்குறீங்கன்னு தெரிஞ்சாலே தொண்டை அடைச்சிரும். எனக்கு இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா வருது. நீங்க மேலயே வாசிங்க. காதுல அத மாட்டிக்கோங்க. நான் கீழ பாடிக்கிறேன்."

"அப்ப நீ பாடுறத நான் எப்பக் கேக்குறது?"

அவள் கையை உருவிக்கொண்டு அடுத்த கொத்தை எடுத்தாள். "பாப்போம்," என்றாள்.

மறுநாள் மத்தியானம் கிங்ஸ்லி நல்ல பிள்ளையாக ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். முதல் வரி வரைக்கும் தாங்கினார். அதற்கு மேல் ஆசை அடங்கவில்லை. அவளோ கீழே இருக்கிறாள். முட்டிவலிக்காரி, ஏறி வந்து பார்க்கவா போகிறாள்? ஒரு காதை மட்டும் மெல்ல விலக்கினார். பிறகு சத்தம் போடாமல் இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தட்டுவதை மட்டும் விடாமல் தட்டினார்.

குரல் வந்தது. நேற்றை விடத் தெளிவாக, கரகரப்புக் குறைந்து வந்தது. இரண்டாவது வரியைப் பாடியது. மூன்றாவதைத் தொட்டது. கிங்ஸ்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கழுத்து பலகை இடுக்கை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனது, தட்டல் தளர்ந்ததை அவர் கவனிக்கவில்லை.

குரல் நின்றுவிட்டது. அடுப்படியில் கரண்டி ஒன்று தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் கோபமே இல்லாத, நிதானமான பேச்சு மேலே ஏறி வந்தது.

"எடது கை பின்னாடி வருதுங்க. எடுத்துக் காதுல மாட்டுங்க."